பதினாறாம் நாள் ரொட்டி

மார்கழி 26, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் ஏரிக்கரை தெரியவில்லை. மெயில் பை தாமதம். கார்டு நாலு, இன்லண்ட் ஆறு, மணியார்டர் ஒன்று. நமக்கு ஒன்றுமில்லை. இனிமேல் நமக்கு என்ன வரப்போகிறது? கை மட்டும் பழைய வழக்கத்தில் வெளிநாட்டு ஸ்டாம்பைத் தேடுகிறது.

தந்தி வந்து இன்றோடு ஏழு நாள். பிள்ளை செல்வத்துக்கு இருபது வயது முடியவில்லை. சோவியத் ஜார்ஜியா, திபிலிசி நகரம், டாக்டர் படிப்பு, இரண்டாம் வருடம். நிமோனியா என்று ஒரே ஒரு வரி. மறுநாள் இன்னொரு தந்தி. உடலை அனுப்ப வெகுநாள் ஆகும், அங்கேயே அடக்கம் செய்யலாமா? செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். பெற்றவள் கன்னியம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கை. துக்கத்துக்கு சாலவாக்கத்திலிருந்து வந்த அக்கா கஞ்சி வைத்தால் வாயை நனைப்பதோடு சரி. பெற்ற வயிறு காய்ந்து கிடக்க, நான் முன் அறைத் தபாலாபீசில் உட்கார்ந்து ஊர்க்கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறேன்.

இன்று மாலை பேசினாள். சுவரைப் பார்த்தபடியே.

"பதினாறாம் நாளு படையலுக்கு இன்னா வெக்கப் போற?"

"அவனுக்குப் புடிச்சதுதான். வட, அதிரசம், கருவாட்டுக் கொயம்பு..."

"அதெல்லாம் இங்க இருந்தப்போ புடிச்சது. அங்க இன்னா துன்னான்? அந்த ரொட்டி. வாரா வாரம் துன்றேன்னு எயுதினானே. வவுறாரத் துன்னது அதுதான? அத்த வெய்யி. நீதான அனுப்பிச்ச. நீயே செய்யி."

போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். கூப்பிட்டும் பார்த்தேன்.

மார்கழி 27, செவ்வாய்

கடிதக்கட்டை அவிழ்த்தேன். ஐப்பசியில் எழுதியது கிடைத்தது. அப்படியே இங்கே எடுத்து எழுதி வைக்கிறேன், கடிதத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோக மனமில்லை.

"நைனா, கூடப் படிக்கும் பையனின் அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கென்று ஒரு ரொட்டி செய்து அனுப்புகிறார். பெயர் கச்சாபுரி. நம் பூரி இல்லை. தயிர் விட்டுப் பிசைந்த மைதா. உள்ளே உப்பிட்ட பாலாடைக்கட்டி, அதோடு பீட்ரூட் தழையையும் கீரையையும் வேகவைத்துப் பிழிந்து சேர்க்கிறார்கள். போளிக்குப் பூரணம் வைப்பதுபோல் வைத்து மூடி, தட்டி, அடுப்புக்குள் சுடுகிறார்கள். மேலே வெண்ணெய். ஒன்று தின்றால் அன்றைக்கெல்லாம் பசிக்காது. என் சாப்பாட்டைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம்."

எவ்வளவு மைதா, இல்லை. எத்தனை நேரம், இல்லை. என்ன அடுப்பு, இல்லை. பாலாடைக்கட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இதைக் கன்னியம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டியது ஞாபகம் வருகிறது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று வேறு கேட்டேன்.

மத்தியானம் பையைக் கட்டி அனுப்பிவிட்டு உத்திரமேரூர் போனேன். மூன்று மளிகைக் கடை. பாலாடைக்கட்டி என்றால் யாருக்கும் தெரியவில்லை. ஒருவன் பால்கோவாவை எடுத்துக் காட்டினான். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பன் சுடும் சுலைமான் பாய். விஷயத்தைச் சொன்னேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மெட்ராஸ்ல ஓட்டல்ல இருந்தப்போ பாத்திருக்கேன் மாஸ்டர். பால எலுமிச்சம்பயம் புயிஞ்சி திரிக்கணும். துணில கட்டி, மேல கல்லத் தூக்கி வெச்சிடுங்க. உப்பு தூக்கலா. இன்னும் சொல்லப்போனா நீங்க பேஜாராவாதீங்க, மாவக் கொண்டாந்து குடுங்க, நம்ம அடுப்புலயே சுட்டுத் தரேன்."

வீட்டில் சொன்னதும் அக்கா ஒரே பிடியாய்: "கடையில சுட்டத்த கொயந்தைக்குப் படைக்கறதா? வூட்லதான் செய்யணும்." நியாயம்தான். கன்னியம்மாவும் என்னைத்தான் செய்யச் சொன்னாள்.

மார்கழி 28, புதன்

விடியலில் கறந்த பால் முழுவதும் அடுப்பில். பொங்கும்போது எலுமிச்சை பிழிந்தேன். திரிந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள்.

"அட பாவி! சாவு வூட்ல பாலத் திரிக்கிறியே, இன்னும் இன்னா கேடு வரணும்டா தம்பி?"

"இன்னும் வர்றதுக்கு இன்னாக்கா கீது?"

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. உள்ளேயிருந்து கன்னியம்மா இருமினாள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

துணியில் கட்டி, அம்மிக்குழவியை மேலே வைத்தேன். சாயங்காலம் பிரித்தால் வெள்ளையாய், பொலபொலவென்று. உப்புப் போட்டு ஒரு வாய். இதைத்தானா தின்றான்? புளித்த சுண்ணாம்பு மாதிரி. நாக்குக்குப் பழகுமோ என்னவோ.

ஏகாம்பரம் (மெயில் ரன்னர்) மைதா வாங்கி வந்து கொடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

மார்கழி 29, வியாழன்

போகி. தெருவெல்லாம் புகை, பிள்ளைகளின் மேளச்சத்தம். நம் வீட்டில் ஒன்றும் இல்லை.

முதல் ரொட்டி. மைதா இரண்டு ஆழாக்கு, தயிர் ஒரு ஆழாக்கு, சோடா உப்பு ஒரு சிட்டிகை. உள்ளே முளைக்கீரை, நேற்றைய பாலாடைக்கட்டி. கீரையை ஒழுங்காகப் பிழியவில்லை. தோசைக்கல்லில் போட்டதும் வெடித்துப் பச்சைத்தண்ணீர் ஒழுகி, அடி கரி, மேலே பச்சை மாவு. மாட்டுக்குப் போட்டேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இரண்டாவதும் அப்படியே. கை சுட்டுக் கொப்புளம்.

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வாய் ரொட்டி சுடத் தெரியவில்லை. பிள்ளையை எங்கே அனுப்பலாம் எங்கே அனுப்பக்கூடாது என்று மட்டும் தெரிந்திருந்ததாக்கும்.

தை 1, வெள்ளி

பொங்கல். கூவுகிற சத்தம் நாலு பக்கமும். கதவைச் சாத்திக்கொண்டோம். தீட்டு வீடு என்று யாரும் வரவில்லை.

மூன்றாவது ரொட்டி. மேலே மண்சட்டியைக் கவிழ்த்து மூடினேன். உள்ளே வேகவில்லை, அறுத்தால் கத்தியில் மாவு.

கன்னியம்மா: "ஆச்சா?"

"இன்னும் இல்ல."

இன்றைக்கு மொத்தப் பேச்சும் இதுதான். அவள் கன்னத்து எலும்பு தெரிகிறது. பதினாறாம் நாள் வரை தாங்குவாளா என்று பயம். அக்கா ரகசியமாய்: "இப்டியே போனா ரெண்டாவது படையலும் வெக்கணும்டா." ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன், அக்கா மேல். அடிக்கவில்லை.

தை 3, ஞாயிறு

காஞ்சிபுரம். பீட்ரூட்டுக்காக. மார்க்கெட்டில் பீட்ரூட் இருக்கிறது, தழை இல்லை. கிள்ளி எறிந்துவிட்டுத்தான் விற்கிறார்கள். குப்பை மேட்டில் குனிந்து வாடாததாய்ப் பொறுக்கினேன். கடைக்காரம்மா பார்த்துவிட்டு,

"மாட்டுக்கா சாமி? மாட்டுப் பொங்கலு நேத்தே முடிஞ்சிச்சே."

"இல்லம்மா. என் பையனுக்கு."

"பையன் இத்தத் துன்னுவானா?"

பொறுக்கியதைப் பையில் திணித்தேன். அவளே தன் கூடையிலிருந்து இரண்டு கட்டு, தழையோடு இருந்ததை, எடுத்துப் பையில் போட்டாள். எதற்கென்று தெரியாமலே போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம். பழையசீவரம் மலைக்கோயில் தூரத்தில். கும்பிடத் தோன்றவில்லை.

தை 4, திங்கள்

எப்படி எழுத?

மூன்று நாள் விடுமுறை, பை கனம். கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். கார்டுகளுக்கு நடுவில் வெளிநாட்டு உறை. செல்வத்தின் கையெழுத்து.

கை நின்றுவிட்டது. ஏகாம்பரம் "மாஸ்டர், மாஸ்டர்" என்றான். அவன் இறந்து இரண்டு வாரம் ஆகிறது, கடிதம் இப்போதுதான் வருகிறது. எந்த ஊரில் எத்தனை நாள் கிடந்ததோ.

எப்போதும் என் பெயருக்குத்தான் எழுதுவான். இது திருமதி கன்னியம்மாள் என்று இருந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், தெரியும் அவனுக்கு. பெரிய பெரிய எழுத்தாய் எழுதியிருக்கிறான்.

முத்திரை குத்தினேன். ஏகாம்பரம் போனதும் பிரித்தேன். இருபத்திரண்டு வருட வேலையில் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்ததில்லை.

முதல் பக்கம் பனி, புதுக் கையுறை, பரீட்சை. அந்தப் பக்கத்தின் கடைசி வரி: "நைனாகிட்ட சொல்லாதே அம்மா."

இரண்டாம் பக்கம்: "அந்த ரொட்டி ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டேன். வாரா வாரம் வருதுன்னு எழுதினதெல்லாம் நைனா சந்தோஷப்படுவாருன்னு. இங்க சாப்பாடு எனக்கு ஒத்துக்கல. ரொம்பக் குளிருது. மாரெல்லாம் வலிக்குது. உன் கையால ரசம் சோறு சாப்பிடணும் போல இருக்கு. படிப்ப விட்டுட்டு வந்துடட்டுமாம்மா? நான் கேட்டா நைனா வேணாம்பாரு. நீ கேளு. நீ கேட்டா சரின்னு சொல்லுவாரு."

சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. மீனம்பாக்கத்தில் அவனை விமானம் ஏற்றும்போது, "புடிக்கலன்னா வந்துடட்டுமா நைனா?" என்று கேட்டான். "டாக்டரா வந்தாத்தான் ஊர்ல காலு வெக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவனும் சிரித்தான்.

கடிதம் மேசை இழுப்பறைக்குள். பூட்டிவிட்டேன்.

தை 5, செவ்வாய்

இனி எதற்கு இந்த ரொட்டி? அவன் விரும்பாததை இலையில் வைத்து அவனைக் கூப்பிடுவதா? ரசம் வைத்தால் போதுமே. ஆனால் ரசம் ஏன் என்று கன்னியம்மா கேட்டால்?

காலையில் அவளே எழுந்து உட்கார்ந்திருந்தாள். "நாளைக்கு பதினாறு. ஆயிடும் இல்ல?" என்றாள். முகத்தைப் பார்த்தேன். அந்த ரொட்டி ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆயிடும்" என்றேன்.

பதினோரு மணிக்கு சுலைமான் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். கடையை மூடிவிட்டு வந்தாராம். அக்கா முகம் கொடுக்கவில்லை. அவர் கொல்லையில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, எதையும் தொடாமல், வாயாலேயே சொன்னார்.

"கீரைய இன்னும் புயிங்க மாஸ்டர். துணில போட்டு முறுக்குங்க. சொட்டுத் தண்ணி இருக்கக்கூடாது. மாவ ஒரு மணி நேரம் மூடி வெய்ங்க. கல்லு மேல சட்டியக் கவுத்து, சட்டி மேலயும் தணலக் கொட்டணும். அடியில தணல், மேல தணல். அப்பத்தான் அது அடுப்பு."

தணல் அள்ளக் கரண்டி போதவில்லை. திரும்பினால் அக்கா, வெந்நீர் அடுப்பிலிருந்து இரும்புச் சட்டுவத்தில் தணலோடு நிற்கிறாள். அப்படியே சட்டி மேல் கொட்டினாள். பிறகு பாய் பக்கம் திரும்பி, "மோரு குடிக்கிறியாப்பா?" என்றாள்.

கால் மணி நேரம். சட்டியை இடுக்கியால் தூக்கினேன். உப்பிப் பொன்னிறமாய், அங்கங்கே கறுப்புப் பொட்டு. வெண்ணெய் தடவினேன். கொல்லையெல்லாம் வாசனை. அறுத்தால் உள்ளே பச்சையும் வெள்ளையும், பீட்ரூட் தண்டின் சிவப்பும்.

நன்றாக வந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. கொல்லைக் கோடியில் போய் உட்கார்ந்து அழுதேன். பாய் தோளைத் தொட்டார். அவருக்குத் தெரியாது நான் எதற்கு அழுகிறேன் என்று. யாருக்கும் தெரியாது.

தை 6, புதன்

காலையில் புதிதாய் மூன்று சுட்டேன். ஏரிக்கரையில் கல் நட்டுப் பால் ஊற்றினோம். பங்காளிகள் பதினைந்து பேர். அப்பனுக்குப் பிள்ளை செய்யவேண்டியதைப் பிள்ளைக்கு அப்பன் செய்தேன். உடம்பு அங்கே, கல் இங்கே.

வீட்டில் படம், விளக்கு, தலைவாழை இலை. வடை, பாயசம், ரொட்டி. அக்காவிடம் சொல்லி மிளகு ரசமும் சோறும் வைக்கச் சொன்னேன். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கொடுப்பது என்று சொல்லிச் சமாளித்தேன். அதை இலையின் நடுவில் வைத்தேன்.

ஒரு பங்காளி: "இது இன்னாயா, போளியா?"

இன்னொருவர்: "ருஷ்யா நாட்டு ரொட்டிப்பா. பையன் அங்க டெய்லி நாஷ்டா இதுதானாம்."

எல்லோரும் போனபின் கன்னியம்மா இலைக்கு முன் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டாள். வாயில் வைத்தாள். மெல்ல மென்றாள். இன்னொரு விள்ளல். முழுசாக ஒன்றைத் தின்றாள். பதினாறு நாளில் முதல் சாப்பாடு. அக்கா அழுதுகொண்டே தண்ணீர் கொடுத்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. இத்த வாரா வாரம் துன்னுக்கினு, கொயந்த நல்லாத்தான் இருந்துகீறான். இல்ல?"

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

"நான்தான் உன்ன ரொம்ப நோவடிச்சிட்டன்யா. நீ அனுப்புனது தப்பில்ல. அவன் விதி. நீ இன்னா செய்வ?"

என் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தாள். "எண்ணெ போட்டியா?" என்றாள்.

போடவில்லை என்று சொன்னேன்.

தை 7, வியாழன்

வெயில். பனி குறைந்துவிட்டது. அக்கா காலை பஸ்ஸில் ஊருக்குப் போனாள். கன்னியம்மா குளித்துவிட்டு, மிச்சமிருந்த ரொட்டியைத் தணலில் காட்டி எனக்கும் பாதி கொடுத்தாள். மென்றேன். தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்.

அவள் தின்கிறாள், பேசுகிறாள், என் கைக்கு எண்ணெய் போடுகிறாள். கடிதத்தைக் கொளுத்திவிட்டால் இதெல்லாம் இப்படியே இருக்கும். தீப்பெட்டியைக்கூட எடுத்தேன்.

ஆனால் அவன் அவளைத்தான் கேட்டிருக்கிறான். என்னை இல்லை.

ஒன்பது மணிக்கு மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"இன்னாது?"

"உனக்குத் தபாலு. செல்வம் எயுதினது. திங்கக்கெயமையே வந்துச்சி."

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிரிச்சி கீது?"

"நான்தான் பிரிச்சேன்."

வெளிச்சத்துக்காகக் கொல்லைக் கதவோரம் போய் உட்கார்ந்தாள். நான் முன் அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். அவள் எழுத்துக் கூட்டுவது இங்கே கேட்கிறது. அரை மணி நேரமாய்ப் பனியைப் பற்றிப் படிக்கிறாள். கையுறை என்ற இடத்தில் சிரித்தாள். பரீட்சை தாண்டிவிட்டாள்.

"நை... னா... கிட்... ட..."

நிறுத்திவிட்டாள்.