மூன்று பகுதி வீடும் ஒரு கையெழுத்தும்

குருமன்காடு,
வவுனியா.
14.03.1999

அன்புள்ள மகள் ரஞ்சினிக்கு,

நானும் அம்மாவும் பிள்ளையார் புண்ணியத்தில் படுக்கையில் விழாமல் நடமாடுகிறோம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குளிரில் நலமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அம்மாவின் முழங்கால் நோ முந்தியைவிடக் குறைவு.

வாங்கப் பேசியிருக்கும் வீட்டைப் பற்றி விவரமாகக் கேட்டிருந்தாய். ஒரே கூரையின் கீழ் மூன்று பகுதி, பொதுவாக ஒரு கிணறு. முன்பகுதியில் நாங்கள் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விடலாம் என்பதுதான் எண்ணம். காணி உறுதிப் பத்திரத்தை மூன்று தடவை வாசித்தேன், எல்லைகளை நாடா பிடித்து அளந்தேன், கயிறு விட்டுக் கிணற்றின் ஆழமும் பார்த்தேன். இவ்வளவும் பார்த்தவன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஆட்களை எழுப்பி வெறும் வீடாகத் தரவேண்டும் என்று உறுதி எழுதும் நொத்தாரிசிடம் ஒரு வரியும் எழுதுவித்துவிட்டேன்.

பின்பகுதியில் ஞானேஸ்வரி என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு இருப்பதைப் பிறகு வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். அக்கராயனிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், கணவன் இல்லை. இங்கே தங்கப் பொலிஸ் தரும் பாஸைப் புதுப்பிக்க ஊரவர் ஒருவர் பிணை நிற்கவேண்டும். இதுவரை நின்ற வீட்டுக்காரர் விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகிறார். பாஸ் முடிய நான்கு நாள்தான் இருந்தது, முடிந்தால் அவர்களுக்கு அகதி முகாம்தான். உன் மாமா வீரகத்தி, “அத்தான், முன்பின் தெரியாத சனத்துக்குப் பிணை நிண்டால், நாளைக்கு ஏதும் எண்டால் உங்களைத்தான் கொண்டுபோவாங்கள்” என்றார். எனக்கும் அந்தப் பயம்தான்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவள் சாமான்களைக் கட்டி வைத்திருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “ஐயா, கிணத்துக் கப்பிக்குக் கிழமைக்கொருக்கால் எண்ணெய் விடவேணும், போத்தல் யன்னலிலை இருக்கு” என்று மட்டும் சொன்னாள். அதன்பின் வீட்டுக் கடதாசிகளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “முப்பத்திரண்டு வருசம் அரசாங்கக் கச்சேரியிலை ஆரின்ரையோ கடதாசிக்கெல்லாம் கையெழுத்து வைச்சனீங்கள், இதுக்கு மட்டும் பேனை எழுதாதோ?” என்றாள்.

வெள்ளிக்கிழமை பாஸ் கந்தோருக்குப் போனேன். படிவத்தில் உறவு என்ற இடத்தில் ‘குடியிருப்பவர்’ என்று எழுதினேன். இப்போது உறவினர் பிணை என்றால்தான் எடுப்போம் என்று திருப்பித் தந்தார்கள். வரிசையில் வெகுநேரம் நின்றேன். பிறகு அதை வெட்டிவிட்டு, ‘தம்பியின் மகள்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எனக்குத் தம்பி இல்லை என்பது உனக்குத் தெரியும். அறிந்துகொண்டே நான் எழுதிய முதல் பொய் இதுதான். செய்தது சரியோ பிழையோ தெரியவில்லை, ஒழுங்கையில் வாகனம் நின்றால் எழும்பிப்போய் யன்னலால் பார்க்கிறேன். உன் பணமும் சேர்ந்த வீட்டில் உன்னைக் கேளாமல் செய்துவிட்டேன், மனவருத்தமென்றால் ஒளிக்காமல் எழுது. நொத்தாரிசிடம் ஆட்களை எழுப்பும் அந்த வரியை எடுப்பித்துவிட்டேன். வியாழக்கிழமை உறுதி எழுதுகிறோம்.

உடம்பைக் கவனி, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடு. எங்கள் ஆசீர்வாதம் உங்கள் எல்லோருக்கும் உண்டு. தபாலில் போடப் பயந்து இதைக் கொழும்புக்குப் போகும் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு. ஆனால் யாராவது கேட்டால், உனக்கு அக்கராயனில் ஞானேஸ்வரி என்று ஒரு தங்கை. அவளுடைய பிள்ளைகள் கம்சா, தர்சிகா. பாடமாக்கி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா
சி. அப்புத்துரை