எதிர்ப்பக்கம் ஓடிய அப்பாவுக்கு

என் ஆசை அப்பா,

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. காலையில் மாத்திரை, ராத்திரி மாத்திரை, நடுவில் சோறு, அவ்வளவுதான். செங்கம் ரோட்டில், மலை சுற்றுகிற வழியில் இருக்கும் நம் டீக்கடையை அம்மா திறந்துவிட்டாள். சர்க்கரை ஜாஸ்தி என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அவள் காதில் வாங்குவதே இல்லை.

போன வாரம் டாக்டரிடம் போனோம். இத்தனை வருடமும் என்னைக் கூட்டிப்போனது நீங்கள்தான், ஆனால் உள்ளே வரமாட்டீர்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிடுவீர்கள். சின்ன வயதில் வலிப்பு வந்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தீர்கள், நானும் அப்படியே சொல்லிவந்தேன். இந்த முறை ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

எனக்கு அப்போது ஒன்றரை வயது. பௌர்ணமி சாயங்காலம். ஜுரத்தில் உடம்பு கொதித்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, நிற்கவே இல்லையாம். அம்மா என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாளாம். கிரிவலத்துக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஊருக்குள், ஜனம் வருகிற பக்கம். நீங்கள் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நம் கடையிலிருந்து அத்தனை கூட்டத்துக்கும் எதிரே ஓடினீர்கள். மலையை எதிர்ப்பக்கமாய்ச் சுற்றினால் குழந்தைக்கு ஆகுமா என்று யாரோ ஒருத்தர் கேட்டாராம். அந்த ஒரு வார்த்தை உங்களைப் பிடித்துக்கொண்டது, இல்லையா?

பதினாலு வயதில் ஜுரமே இல்லாமல் எனக்கு வலிப்பு வந்தபோது, எதிரே போனதற்குத் தண்டனை என்று அம்மாவிடம் மட்டும் சொன்னீர்கள். அப்புறம் ஒரு பௌர்ணமி விடாமல் வெறுங்காலோடு சுற்றினீர்கள். முட்டி வீங்கியும் சுற்றினீர்கள். எனக்குக் காரணம் தெரியாது. எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஜுரத்தில் வரும் வலிப்பு பெரும்பாலான குழந்தைகளை ஒன்றும் செய்யாது. எனக்கு வந்தது ரொம்ப நேரம் நீண்டிருக்கிறது. அப்படி நீண்டால் சில பேருக்கு மூளையில் சின்னதாய்த் தழும்பு விழலாம், வருடங்கள் கழித்து அங்கேயிருந்து வலிப்பு கிளம்பலாம். மூளையில் முன்பே ஏதோ இருந்துதான் அது நீண்டதோ என்னவோ, அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அவரு எதிர்ல தூக்கினு ஓடினாரு சார். அதனாலயா?"

"அவரு ஓடினதாலதாம்மா அப்பவாவது ஊசி போட்டு நிறுத்த முடிஞ்சிது. கூட்டத்தோட சுத்தி வந்திருந்தா, இந்தப் பொண்ணு இங்க உக்காந்திருக்குமானு தெரியாது."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரும் அதையே சொல்லிவிடுவாரோ என்று பயந்துதானே வெளியே நின்றீர்கள்? ஒரே ஒரு தடவை உள்ளே வந்திருக்கக் கூடாதாப்பா? நானாவது உங்கள் கையைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாதா?

உங்கள் வேண்டுதலை இனி நான் தொடர வேண்டும் என்கிறார் சித்தப்பா. தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வரும். நான் சுற்றப் போவதில்லை. தண்டனையே இல்லை என்றான பிறகு பரிகாரம் எதற்கு?

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை காலை, நன்றாகத் தூங்கி எழுந்து, மாத்திரை போட்டுக்கொண்டு, நம் கடை வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடப்பேன். நீங்கள் ஓடிய அதே பக்கம். ஏன் எதிரே வருகிறாய் என்று யாராவது கேட்டால், எங்கப்பா போன வழி இது என்று சொல்வேன்.

இப்படிக்கு,
நீங்கள் கொண்டுபோய்ச் சேர்த்த உங்கள் மகள்