படியிறங்கியதும் வாங்கிக்கொண்ட சால்வை

டிசம்பர் 9, 2024, திங்கள்

கொடிநாள் விழா மேடையில் எனக்கு நாற்காலி போடவில்லை என்று கோபித்துக்கொண்டு, பட்டுச் சால்வையை மன்றத் தலைவியின் முகத்தில் வீசினேன் என்று ஊரில் பேசுகிறார்கள். பால் வாங்கப் போன இடத்தில்கூடக் கேட்டார்கள். தவறு. நான் எதையும் வீசவில்லை. நாலாக மடித்து மேசைமேல் வைத்தேன். “இதை இனி நான் தொடமாட்டேன்” என்றேன். நாற்காலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுபத்துமூன்று வயதில் நாற்காலிக்கு அலைகிறவளாக இருந்தால், என் வீட்டுக்காரர் காலமான மறுமாதமே அவர் கடைக் கல்லாவில் நான் உட்கார்ந்திருப்பேனே!

மாதர் சேவை மன்றத்துக்கு ஒன்பது வருடமாகச் செயலாளர். முன்னாள் ராணுவத்தினருக்கு மனு எழுதுவது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, கொடிநாள் விழா நடத்துவது எல்லாம் என் தலையில். அதைப் பேச ஊரில் ஆள் இல்லை. நாற்காலியைப் பேச இருக்கிறார்கள்.

டிசம்பர் 10

நேற்று பாதிதான் எழுதினேன். மீதியையும் எழுதாவிட்டால் நானும் அவர்களைப் போலத்தான்.

சனிக்கிழமை விழாவில் பதினொரு பேருக்குப் பொன்னாடை. சால்வை ஒன்றுதான். தலைவி கலையரசியின் வீட்டுக்காரர் கடையிலிருந்து வரும். விலைச்சீட்டு உள்பக்கம் மடிந்திருக்கும். ஒருவர் தோளில் போட்டுப் படம் எடுத்ததும், அவர் படியிறங்கும்போது கீழே நிற்கிறவர் அதை வாங்கி அடுத்தவருக்காக மேலே அனுப்ப வேண்டும். சாயங்காலம் கடைக்குத் திரும்பிவிடும். பழகியவர்கள் தாங்களே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். கீழே நிற்கிறவள் நான்.

பட்டுக்குப் பேர்போன இந்த ஊரில் இது யாருக்கும் உறுத்தாது. கல்யாணத்துக்குக் கட்டுக்கட்டாகப் புடவை எடுத்துப்போய், வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு, வேண்டாததை மறுநாள் திருப்புகிறவர்கள் நாங்கள். மடிப்பு கெடாமல் திரும்பினால் அது புதுசுதான். மனிதர் தோளில் போட்டதையும் அப்படியே நினைத்துவிட்டோம்.

பரசுராமன் இந்த வருடம்தான் புதிது. மாகறல் பக்கம். 2002இல் ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. நானும் சொல்லி வைக்கவில்லை. சால்வையோடு இறங்கியவர் என்னைத் தாண்டி, மரக்கட்டை போலிருந்த செயற்கைக் காலை இழுத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் போய், மனைவி ரேணுகாம்பாள் தோளில் அதைப் போட்டார். அந்தம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். நான் பின்னாலேயே போய்க் கையை நீட்டினேன்.

“சால்வையைக் கொடுங்க. அடுத்தவருக்கு வேணும்.”

கொடுத்துவிட்டார். வரிசை முழுவதும் பார்த்தது.

நான்தான். கலையரசி இல்லை. நான்.

மிச்சமிருந்த நாலு பேருக்கும் அதையே போட்டோம். அதற்குப் பிறகுதான் மடித்து மேசைமேல் வைத்தேன். நாலு பேருக்குப் பிறகு! இதற்கு ரோஷம் என்று பெயரா?

டிசம்பர் 11

கலையரசி ஆறு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி, தீபம்

காலையில் பரசுராமனின் மகள் பிரவீனா போன் செய்தாள். “பத்தொம்பதாந்தேதி அப்பா வரலையாம் மேடம்.” தலையில் அடித்துக்கொண்டேன். அன்றுதான் சென்னையில் செயற்கைக் கால் அளவெடுக்கும் முகாம். மன்றத்து வேனில் எல்லோரையும் அழைத்துப்போவதாக ஏற்பாடு. விட்டால் அடுத்த வருடம்தான். அவர் பழைய கால் தொளதொளத்து, துணி திணித்து மாட்டிக்கொள்கிறார், உள்ளே புண். நின்று பார்க்கிற காவல் வேலை. இன்னும் ஒரு வருடம் தாங்காது.

நல்ல சால்வை ஒன்று வாங்கிக்கொண்டு மழையில் ஆட்டோ பிடித்துப் போனேன். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என்ன புத்தி!

காலைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“இது இன்னாத்துக்குமா? சங்கம் கொடுக்குதுன்னு மைக்ல சொன்னாங்க. நீங்க கொடுக்கறீங்கன்னு சொல்லல. எடுத்துக்கினு போங்க.”

மன்றத்தின் வழக்கம் அது என்று ஆரம்பித்தேன்.

“வழக்கம்னா எழுதி ஒட்டணும்மா. ஆர்மில பூட்ஸ் லேசு கட்றதுக்கே ஆர்டர் உண்டு.”

ரேணுகாம்பாள் அடுப்படியிலிருந்து பேசினார். என்னைப் பார்க்கவில்லை. “இருவது வருசமா தறிக்காரங்களுக்குப் பட்டு நூல் தார் சுத்திக்கினு இருக்கேன்மா. ஒரு நாள் தோளுல ஏறிச்சு. அஞ்சு நிமிசம். எங்க தோளுல நிக்கக்கூடாதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்குது, இன்னா பண்றது.”

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் ஒருவர் சொல்வார்: மன்னிப்புக் கேட்கும்போது ‘ஆனால்’ வந்தால் அது மன்னிப்பு இல்லை. நான் ஐந்து நிமிடமாக ‘ஆனால்’ மட்டும்தான் பேசியிருக்கிறேன். நிறுத்தினேன். “நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுங்க” என்றேன். அவரிடம் ஒரு தடவை. அந்தம்மாளிடம் ஒரு தடவை.

“சரி, நீங்க சொல்லிட்டீங்க” என்றார் பரசுராமன். “சங்கம்? அவங்க எழுதிக் குடுக்கட்டும். அவங்க வேன்ல நான் ஏற மாட்டேன்.”

“காலுக்கு?”

“ரெண்டு சாக்ஸ் சேத்துப் போட்டுக்கறேன்.”

வரும் வழியெல்லாம் அவர்மேலும் கோபம். மானத்துக்காகக் காலை விடுவார்களா? வீட்டுக்கு வந்து காபி போட்டபோதுதான் தோன்றியது: நான் வேறென்ன செய்திருப்பேன்?

டிசம்பர் 16, திங்கள்

செயற்குழுக் கூட்டம். பரசுராமனுக்கு மன்றம் வருத்தக் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டேன்.

கலையரசி சிரித்தாள். “ஆன்ட்டி, ஒரு சால்வைக்கா இவ்ளோ எமோஷனல் ஆவறீங்க? ஆளுக்கு ஒண்ணு கொடுக்கணும்னா எங்க வீட்டுக்காரரு கடையையே எழுதி வைக்கணும்.”

செயற்குழு உறுப்பினர் தேவிப்ரியா பக்கத்திலிருந்து, “அந்தாளு பேரை வேன் லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சு. ரொம்பத்தான் பண்றாரு” என்றாள்.

எடுத்தாச்சாம்! யாரிடம் கேட்டு? எல்லை காத்தவன் கால் இவளுக்கு லிஸ்ட்டில் ஒரு வரி. “முதலில், நான் உங்களுக்கு ஆன்ட்டி இல்லை. இரண்டாவது, நான் இனி செயலாளரும் இல்லை” என்றேன். அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 17

முகாமுக்கு அவர் பதிவை அனுப்பியவள் நான். அது அவர் பெயரில் இருக்கிறது. எந்தத் தலைவியும் அதைத் தொட முடியாது. வேன்தான் மன்றத்துடையது. போன் செய்து சொன்னேன்: “வேன் லிஸ்ட்டிலிருந்து உங்கள் பேரை எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் போகலாம்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “எடுத்துட்டாங்களா? அப்ப அவங்க தயவு நமக்கு இல்ல. போலாம்மா!”

பிறகு, “நீங்களும் வாங்க. ஃபாரம் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும்” என்றார்.

டிசம்பர் 19, வியாழன்

மூவரும் பஸ்ஸில் போனோம். ஜன்னலோர இடத்தை ரேணுகாம்பாள் எனக்குத் தரவில்லை. சரிதான். மூவருக்கும் டிக்கெட்டை அவர்களே எடுத்தார்கள். நான் பர்ஸைத் திறந்ததும் அந்தம்மாள் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன்.

முகாமில் காலுக்கு மாவு பூசி அச்செடுத்தார்கள். புண்ணைப் பார்த்துவிட்டு அளவெடுக்கிற பையன் அதட்டினான்: “இந்தக் காலை வெச்சுக்கினு எப்படி சார் நின்னீங்க?” தாங்கிப் பிடிக்கப் போன என்னைப் பரசுராமன் கையசைத்து விலக்கினார். ஒற்றைக் காலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அச்சு காயும்வரை நின்றார். நான் ஃபாரம் நிரப்பினேன். என் வேலை அதுதான்.

ஜனவரிக் கடைசியில் கால் வரும்.

மன்றத்து வேனும் வந்திருந்தது. கலையரசி யார் யாரையோ படம் பிடித்தாள்.

டிசம்பர் 21

மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் பரசுராமன் படம். தோளில் சால்வை. ‘நம் சேவையால் வீரருக்குப் புதிய கால்.’ கீழே நாற்பது கூப்பிய கைகள்.

வெட்கம் கெட்டவளுங்க. வேறென்ன எழுத?

டிசம்பர் 23, திங்கள்

கலையரசிக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்:

தலைவி அவர்களுக்கு,

டிசம்பர் 7 அன்று திரு. பரசுராமனுக்கு மன்றம் அணிவித்த சால்வை, அவர் மனைவி தோளிலிருந்து திரும்ப வாங்கப்பட்டது. வாங்கியவள் நான். வாங்கும் வழக்கத்தை வைத்திருந்தது மன்றம். 19ஆம் தேதி அவர் சென்னைக்குப் போனது தன் செலவில், பஸ்ஸில். ஆகவே அவர் படத்தை நீக்கிவிடவும்.

சால்வையை வாங்கியது தவறு என்று அவருக்கும் திருமதி ரேணுகாம்பாளுக்கும் எழுதிய கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் கையெழுத்திட்டிருக்கிறேன். அதன் கீழே தங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். அதையும் அவரிடம் காட்டுவேன். போனில் பேச வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.

தில்லையம்மாள்