தொட்டியில் இருந்த நத்தைகள்

திருவண்ணாமலை
14.8.1982

அன்புள்ள வேதாவுக்கு,

கல்கத்தாவிலிருந்து நீ கொடுத்த தந்தி நேற்று வந்தது. மியூசியத்தில் காட்ட நீ கொண்டுபோன ஓடு, அழிந்துபோனதாக எல்லோரும் நினைத்திருந்த அதே நத்தை இனத்துடையதுதானாம். தொட்டியில் இருப்பவற்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய்.

போன வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். எனக்கு மூலம் என்பதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, அவளிடம்தான் சொல்லியிருந்தேன். நான் ஆபீஸ் போயிருந்தபோது தொட்டியைப் பார்த்திருக்கிறாள்.

பாதிச் சாப்பாட்டில்தான் சொன்னாள்: "மூலத்துக்கு நத்தைதான்டா மருந்து. உனக்காகத்தான் வேதா பிடிச்சி வச்சிருக்கா. ஆக்கிப் போட நேரமில்லாம ஊருக்குப் போயிட்டா, பாவம்."

கேட்ட பிறகும் மீதியைச் சாப்பிட்டு முடித்தேன்.

தினமும் சாயங்காலம், நீ அவற்றைப் பிடித்த அடி அண்ணாமலைக் குளத்தில் இறங்கித் தேடுகிறேன். தூர் வாரிவிட்டார்கள், ஒன்றுகூட இல்லை. ஓடுகளைக் குப்பையிலிருந்து பொறுக்கி, கழுவி, பஞ்சில் வைத்திருக்கிறேன்.

அக்காவை ஒன்றும் சொல்லாதே. உன்னை அவள் அவ்வளவு மெச்சிக்கொண்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் ரொம்பவும் கூசுகிறது. வலி நன்றாகக் குறைந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்