பூட்டில்லாத புத்தகமும் கண்டக்குழி அந்தோனியும்

வெள்ளிக்கிழமை.

இந்தப் புத்தகம் பூட்டில்லாமல்தான் வெளிவரும் என்று இந்த மாவட்டத்திலேயே முதலில் சொன்னவன் நான்தான். என் ராத்தாவின் மகள் பர்ஹானா தன் முதல் கதைப் புத்தகத்தை மின்னூலாக விடுகிறாள். ஒரு கம்பனியின் செயலியில் மட்டும் திறக்கும்படி அதற்குப் பூட்டுப் போடுவதா, எந்தப் போனிலும் திறக்கும் பொது வடிவில் விடுவதா என்று இன்று பின்னேரத்துக்குள் பதிப்பாளருக்குச் சொல்ல வேண்டும்.

"பூட்டில்லாட்டி எல்லாரும் சும்மா எடுத்துருவாங்க மாமா. ரெண்டு வருசமா எழுதினது" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் போட் இஞ்சின் தெரியும். "நடுக்கடல்ல எண்ணெய் முடிஞ்சா, பக்கத்துப் போட்டுக்காரன் டாங்கியத் தந்தாலும் அந்தக் குழாய் நம்மட இஞ்சினுக்குக் கொளுவாது மகள். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு மூட்டு. உன்ட புத்தகத்தையும் அப்பிடி ஆக்கிராத."

அவள் அசையவில்லை. அதனால் கண்டக்குழி மீனவன் அந்தோனியின் கதையை எடுத்துவிட்டேன். "நீ முந்தி வட்ஸ்அப்ல போட்ட கதைய, கரையில கிழிஞ்ச வலை பொத்துற எல்லாருக்கும் அவன் வாசிச்சுக் காட்டினான். நாலு பேர் புத்தகம் எங்க வாங்குறதெண்டு கேட்டாங்க."

"மெய்யா மாமா?"

"கண்ணால கண்டேன்."

உடனே போனை எடுத்துப் பூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு, "அந்தோனி அண்ணன்ட நம்பரத் தாங்க. முதல் பிரதி அவருக்குத்தான்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

நம்பரை நாளைக்குத் தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நாளை முதல் பஸ்ஸில் கண்டக்குழி போகிறேன். அங்கே ஓர் அந்தோனியாவது இல்லாமலா போவான்? அவளுடைய கதையை நானே அவனுக்கு அனுப்பி, வாசிக்கவும் வைப்பேன். இஞ்சின் கதை மெய். அந்தோனி மட்டும்தான் நான் உண்டாக்கியவன்.