நீ உழுத வயலும் நான் உழுத வயலும்

பூலி
பத்தாம் மாதம், பத்தொன்பதாம் தேதி

என் அன்பு மகள் யூவெனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா நலம், கடை நலம், கடைக்குள் பிரித்துப் போட்டிருக்கும் ஆறு வண்டிகளில் ஐந்து நலம், அப்பா முக்கால் நலம். மீதிக் கால் பங்குக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் உன் ஆடுகளும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய், தெரியும். போனில் சொன்னால் முதல் வரியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், எனக்கு இரண்டாம் வரி மறந்துவிடும். கடிதம் என்றால் நீ எவ்வளவு கத்தினாலும் நியூஸிலாந்திலிருந்து இங்கே கேட்காது, நானும் முழுசாகச் சொல்லி முடித்துவிடலாம். நடுநிலைப் பள்ளி முடித்த மறுநாளே ஸ்பானர் பிடித்தவன் நான், எழுத்தில் பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைத் திட்டு, என்னைத் திட்ட வேறு காரணங்கள் கீழே வருகின்றன.

முதலில் ஊர்ச் செய்தி. போன புயல் நம்மைத் தொட்டுவிட்டுப் போயிற்று, பின்கட்டுத் தகரம் ஒன்று பறந்து பக்கத்து வீட்டு முட்டைக்கோசுப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அம்மாவின் வெங்காயத்தாள் அப்பத்துக்கு இப்போது காலைச் சந்தையில் வரிசை நிற்கிறது. முட்டை போட்டது, போடாதது என்று இரண்டே ரகம் இருந்ததை யாரோ சொன்னார்கள் என்று பாலாடைக்கட்டி போட்டு மூன்றாவது ரகம் ஆரம்பித்திருக்கிறாள். நான் அதைச் சாப்பிட்டுவிட்டு சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசை மாதிரி இருக்கிறது என்று சொன்னேன், இரண்டு நாள் எனக்குப் பழைய சோறு. தபால்காரர் ஆ-தே ஓய்வு பெற்ற பிறகும் காலை எட்டரைக்கு ஒரு நிமிஷம் தவறாமல் நம் கடைத் தேநீர் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். தபால்தான் இல்லை, வம்பு மட்டும் வீடு வீடாக வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் மூன்று மணி இருக்கும், நானும் ஆ-தேயும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உன் குறுஞ்செய்தி வந்தது. நீ எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். 'இன்னைக்கு இருட்டுற வரைக்கும் உழுதேன். ஆட்டுக்குட்டிக்கு ஒரு கால் ஒடிஞ்சிடுச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. உடம்பெல்லாம் வலி, தூங்கப் போறேன்.' ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் ஒரு பெண் இப்படி எழுதினால் என்ன அர்த்தம் என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் உன் அப்பா எட்டு வயதுப் பிள்ளை இல்லையே, அறுபத்திரண்டு வயது வண்டிக் கடைக்காரன். நாற்பது வருஷமாக நம் கடைக்கு 'உழுதுட்டேன் முதலாளி' என்று முழங்கை தேய்ந்து நொண்டிக்கொண்டு வருகிற எவனும் விவசாயி இல்லை, வண்டியோடு ரோட்டில் விழுந்து சறுக்கியவன். நம் கடைக்கு வருகிற ஆட்டுக்குட்டிகள் எல்லாம் பெட்ரோல் குடிக்கும் குட்டி ஸ்கூட்டர்கள். போதாததற்கு, டவுனுக்குப் போய்வர பண்ணைக்காரர் ஒரு பழைய ஐம்பது சிசி ஆட்டுக்குட்டி கொடுத்திருக்கிறார் என்று அதற்கு முந்தின வாரம்தான் நீ படம் அனுப்பியிருந்தாய். எனக்கு வேறு என்ன தோன்றும் சொல்.

ஆ-தேயிடம் போனைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஊரார் தபாலை எல்லாம் படித்த அனுபவத்தோடு படித்தார். 'புள்ள நல்லா உழுதிருக்கு ஷுய்மூ. இருட்டுற வரைக்கும்னு எழுதியிருக்கே, அப்படின்னா எத்தன தடவ விழுந்துச்சோ' என்றார். கால் ஒடிந்தது என்கிறாளே என்றேன். 'அது வண்டியோட கால்யா, சைடு ஸ்டாண்டு. அத விடு. எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கு பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல. போன தடவையும் அப்படித்தானே சொல்லுச்சு' என்றார். அவர் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வூலிங் மலைப் பாதையில் அந்த வெள்ளை வேன்காரன் பேய் வெட்டு வெட்டி உன் முன்னால் பாய்ந்தபோது, தொடை எலும்பு இரண்டாகப் போய்க் கிடந்தவள் போனில் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை 'எனக்கு ஒண்ணுமில்லப்பா' என்பதுதான். உடனே உன் நம்பரை அழுத்தினேன். பதினேழு தடவை கூப்பிட்டேன். நீ தூங்குகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்.

பண்ணையின் நம்பர் அம்மாவின் கைப்பையில் ஒரு சீட்டில் இருந்தது. அம்மா அந்தப் பையோடு வெங்காயத்தாள் மூட்டை எடுக்க ஊர்க்கோடிக்குப் போயிருந்தாள், அவள் போன் அந்தப் பையின் அடியில் கிடந்து யாருக்கும் கேட்காமல் அடித்துக்கொண்டிருந்தது. எனவே வாசலில் நின்ற என் ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிக் கிளம்பினேன். தலையில் தர்பூசணித் தோல். ஆமாம், அதேதான், எந்த வாடிக்கையாளர் போட்டுக்கொண்டு வந்தாலும் 'அத மாட்டிக்கிறதுக்கு உண்மையான தர்பூசணியவே மாட்டிக்கோ, வெயிலுக்காவது நல்லது' என்று நான் திட்டுவேனே, அதே அரை ஹெல்மெட். வாரையும் மாட்டவில்லை. நீர்மூங்கில் வயல்களுக்கு நடுவே போகும் அந்த ஒற்றை ரோட்டில் ஒரு வளைவு கிடையாது, ஒரு குழி கிடையாது, வேகம் நாற்பதுகூட இருக்காது. ஒரு வாத்து குறுக்கே வந்தது என்றுதான் போலீஸில் சொன்னேன். யூவென், வாத்தும் கிடையாது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, நீதானோ என்று கையைக் கொண்டுபோனேன், அடுத்த நொடி வயலுக்குள் இருந்தேன். போன் அடித்தது ஆ-தே. 'ஒன் வீட்டம்மா கெடச்சாச்சான்னு கேக்கலாம்னுதான்' என்றார் பிறகு.

உழுதுட்டேன் என்று நாம் சும்மா சொல்கிறோம் கண்ணு. நான் உண்மையாகவே உழுதேன். பத்தடி நீளத்துக்கு நேர்ச்சால். மூங்கில் குருத்தை ஒடித்துக்கொண்டு சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தபோது வயல்காரர் கிழவர் லோ கரையில் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'ஏம்ப்பா ஷுய்மூ, இந்த வயல நான் ரெண்டாம் மாசமே உழுதாச்சே, நீ எதுக்கு மறுபடி உழுவுற' என்றார். இடது காறை எலும்பு முறிந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வந்த போலீஸ்காரப் பையன் நம் கடையில் பிரேக் ஒயர் மாற்றியவன்தான். ரோட்டில் கண் தெரியாமல் ஓட்டுகிற மூன்று ரகத்தாரை நான் மூன்று ரத்தினங்கள் என்று திட்டுவதை எத்தனை தடவை கேட்டிருப்பானோ, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாக, 'ஐயா, மூணு ரத்தினத்துல ஒங்கள எத்தனாவதா எழுதட்டும்' என்று கேட்டான். அடுத்த தடவை வரட்டும், அவன் பிரேக்கை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை நீ கூப்பிட்டபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என் வாயைப் பொத்திவிட்டு, 'ஒண்ணுமில்லடி, ஒங்கப்பா ஆட்டுக்குட்டிய விசாரிக்கத்தான் கூப்பிட்டாரு' என்றாள். நீ அந்த வீடியோவை அனுப்பினாய். கறுப்பாகப் புரண்டு கிடக்கிற மண், சிவப்பு டிராக்டர், உன் மடியில் காலில் கட்டையும் துணியும் சுற்றிய ஒரு நிஜ ஆட்டுக்குட்டி. அது கத்தவும் கத்தியது. நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிடும் அளவுக்குச் சிரித்தோம், அப்புறம் உன் அம்மா அழுதாள், நான் அழவில்லை, காறை எலும்பு முறிந்தால் கண்ணில் தண்ணீர் வருமாம், டாக்டர் சொன்னார். இந்த மூன்று வாரமாக போனில் நான் பாதி முகத்தை மட்டும் காட்டுவதும் நீ 'அப்பா, கேமராவ நேரா பிடிக்கவே தெரியாதா ஒங்களுக்கு' என்று கேட்பதும் இதனால்தான். நேராகப் பிடித்திருந்தால் கட்டு தெரிந்திருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். அந்த அழைப்பில் நீ கடைசியாகக் கேட்டாயே, புத்தாண்டுக்கு வருகிறேன், பழைய கியர் வண்டி ஒன்று பார்த்து வையுங்கள், வூலிங் போகணும் என்று. நான் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று இழுத்தேன். உடனே நீ, 'கஷ்டமா இருந்தா விட்டுடுங்கப்பா, வேற கடையில கேட்டுக்கறேன்' என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வாடிக்கையாளர் மாதிரி மரியாதையாகச் சொன்னாய். காறை எலும்பு முறிந்தது அவ்வளவு வலிக்கவில்லை. என் மகள் வேறு கடையில் போய் வண்டி வாங்குவதா.

மூன்று வருஷத்துக்கு முன் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று, 'உழணும்னா போய் ஒரு வயல வாங்கி உழு, இனிமே என் ரோட்டுல உழாதே' என்று சொன்னேன். ரோடு என் அப்பன் வீட்டு ரோடு மாதிரி. உன் கறுப்பு நூற்றைம்பது சிசி வண்டியை, நீ கரித்துண்டு என்று செல்லமாகக் கூப்பிட்டதை, தைச்சுங்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டேன் என்றும் சொன்னேன். நீயோ ஆறு மாதத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு நிஜமாகவே வயல் உழப் போய்விட்டாய். அப்பா பேச்சை நீ கேட்டது அந்த ஒரு தடவைதான், அதையும் இப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

தைச்சுங்காரன் என்று யாரும் இல்லை. அவனும் அந்த வாத்து மாதிரிதான். கரித்துண்டு பின்கட்டில் பழைய டயர்களுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. முன் ஃபோர்க்கை மாற்றிவிட்டேன், டேங்கில் ஒடுக்கு எடுத்துவிட்டேன், ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து விடுகிறேன். அந்தப் பத்து நிமிஷமும் உன் அம்மா ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு எதுவும் கேட்காதவள் மாதிரி மாவு பிசைவாள். ஒரு ஞாயிறு நீ கூப்பிட்டபோது, 'என்னப்பா பின்னாடி சத்தம், என் வண்டி மாதிரியே இருக்கே' என்றாய். வாடிக்கையாளர் வண்டி என்றேன். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எஞ்சின் சத்தம் தெரிகிற பெண்ணிடம் பொய் சொன்ன மடையன் நான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். வண்டி இல்லாவிட்டால் நீ விழமாட்டாய் என்று நினைத்தேன். அந்தச் சேற்றில் கிடந்தபோது ஒன்று தோன்றியது, தத்துவமெல்லாம் இல்லை, கணக்காகத்தான் தோன்றியது. நீ விழுந்தது மூடுபனியில், மலை வளைவில், இன்னொருவன் வெட்டிய பேய் வெட்டால். நான் விழுந்தது நேர் ரோட்டில், வெயிலில், ஐம்பது சிசியில், பயத்தால். நம் இருவரில் யாரிடமிருந்து சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும்? உன் அம்மாவுக்கு இந்தக் கணக்கு எனக்கு முன்னாலேயே புரிந்து, என் ஆட்டுக்குட்டிச் சாவியை அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கிறாள்.

இந்த உறைக்குள் கனமாக ஒன்று கையில் தட்டுப்படுகிறதா, அது உன் சாவி. அதில் தொங்கும் சிவப்புப் பை மாட்ஸு அம்மன் கோயில் தாயத்து, நீ கட்டியிருந்தது கிழிந்துவிட்டதால் புதிது வாங்கிச் சாம்பிராணிப் புகையில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். மாற்றுச் சாவி என்னிடம் இல்லை, போன வாரமே அதையும் ஆ-தே முன்னால் வைத்து வெட்டிப் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் என் மனசு மாறும் என்று எனக்கே தெரியும். ஆகவே இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கரித்துண்டை எழுப்ப ஆள் இல்லை. நீ வந்துதான் எழுப்ப வேண்டும். வூலிங்குக்கு நீ முன்னால் போ, நான் ஆட்டுக்குட்டியில் பின்னால் வருகிறேன், அம்மா அரிசிப் பானையைத் திறந்தால். மூவாயிரம் மீட்டரில் அதற்கும் எனக்கும் மூச்சு வாங்கும், நீ மேலே உட்கார்ந்து சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டுக் காத்திரு. வழியில் என்னைத் திரும்பிப் பார்க்காதே, ரோட்டைப் பார்.

உனக்குக் கைகால் சுகமும் நேர் ரோடும் நல்ல பிரேக்கும் என்றும் அமையட்டும், அந்தக் குட்டியின் கால் சீக்கிரம் கூடட்டும், என் காறையும் அதோடு போட்டி போட்டுக் கூடட்டும். முழு ஹெல்மெட் போடு, வாரை மாட்டு, இதைச் சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை, ஆனாலும் போடு. முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே. இனிமேல் வயலை உழுதால் டிராக்டர் என்று சேர்த்து எழுது.

வயல்காரர் லோவின் இரண்டாம் உழவுக்குப் பொறுப்பான உன் அப்பா,
லாய் ஷுய்மூ