கடைசி வண்டி வரும்வரை

பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய்களை இன்று வெளியே எடுத்தேன். தீபாவளி முடிந்து காலையில் தரை சில்லென்று ஆகிவிட்டது. இனி வெறும் போர்வையை வைத்துச் சமாளிக்க முடியாது. பெட்டிக் கட்டிலின் பலகையைத் தூக்க முன்பெல்லாம் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இப்போது தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துழாவுகிறேன். அப்படித் துழாவும்போதுதான் அந்த மஞ்சள் மேல்சட்டை ரஜாயோடு சேர்ந்து வந்தது. சாலை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, கையில்லாமல், முதுகில் வெள்ளிப் பட்டை வைத்து, அது. நாப்தலின் நெடியையும் மீறி அதில் மழையும் பெட்ரோலும் கலந்த வாசனை இன்னும் இருக்கிறது. முகத்தை அதில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் மகனிடம் சொல்லலாம் என்றால் அவன் பெங்களூரில் அலுவலகத்தில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், அதுவும் பாதி இந்தி, பாதி ஆங்கிலம். பேரனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. காலையிலிருந்து இரவு வரை காய்கறிக்காரனிடமும் வேலைக்கு வருகிற பெண்ணிடமும் இந்தியிலேயே பேசி முடித்துவிடுகிறேன். இந்த ஊரில் தமிழில் பேச எனக்கு நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். இப்போதும் வேறு ஆள் இல்லை, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது உங்கள் பீரோக் கதவின் உட்புறம் ஒரு படம் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறதா? மற்ற வீடுகளில் அங்கே முருகன் இருப்பார், அல்லது கைக்குழந்தைப் படம் இருக்கும். உங்களுடையதில் ஒரு ஏரி, பின்னால் மலை, ஏரிக்கரைச் சாலை நிறைய மோட்டார் சைக்கிள்கள். ஏதோ பழைய பத்திரிகையிலிருந்து வெட்டியது. ஆண்டுக்கு ஒருமுறை ஆஸ்திரியாவில் அந்த ஏரிக்கரையில் பல ஊர்களிலிருந்து பைக் ஓட்டிகள் வந்து கூடுவார்களாம். சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஏரியைச் சுற்றி ஊர்வலம் போவார்களாம். அந்த ஊர்வலத்தில் ஒருமுறை போய்விட வேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை. அமைச்சகத்தில் கோப்புக்குக் கோப்பு குறிப்பெழுதிக்கொண்டு, மாலையில் புல்லட்டைத் துடைத்துக்கொண்டு, அத்தனை வருஷமும் அதைப் பார்த்துத்தான் சட்டை மாட்டினீர்கள்.

ரிட்டையர் ஆவதற்கு முந்தின வருஷம் உங்கள் நண்பர் பாட்டியா வந்து, ஐரோப்பாவில் குழுவாகப் பைக்கில் கூட்டிப்போகிற ஒரு வழிகாட்டி இருக்கிறாள், டில்லியிலிருந்து நாம் நான்கைந்து பேர் சேரலாம் என்றார். ஞாயிறு காலை இந்தியா கேட்டில் கூடி முர்தல் வரை பராட்டா தின்னப் போகிற உங்கள் பைக் கோஷ்டியில் உங்களுக்கு நெருக்கம் என்றால் அவர்தான். நீங்கள் பேசாத மனிதர், அவர் வாயை மூடாத மனிதர், எப்படித்தான் ஒட்டிக்கொண்டதோ. பொள்ளாச்சியிலிருந்து என் தங்கை போன் போட்டு, "இந்த வயசுல மாமாவுக்கு என்னாச்சுக்கா, நீயாவது சொல்லக்கூடாதா?" என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கல்யாணமானதிலிருந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த ஊர்தான் எனக்கு டில்லி. மிச்ச உலகத்தையும் அங்கிருந்தே பார்த்தால் என்ன என்று இருந்தது.

அங்கே போய் இறங்கியதும் வாடகைக்குப் பைக் எடுத்தோம். வழிகாட்டியின் பெயர் ஹெல்கா. நரைத்த ஒற்றைப் பின்னல், உங்களைவிட ஒரு தலை உயரம். முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்து அவள் சொன்ன விதி ஒன்றுதான். அவள் முன்னால் போவாள். சாலை பிரிகிற இடம் வந்தால் இடது கையால் தரையைக் காட்டுவாள். அவளுக்கு அடுத்து வருகிறவர் அந்த முனையில் நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். மஞ்சள் மேல்சட்டை போட்ட கடைசி ஆள் வரும்வரை என்ன ஆனாலும் நகரக் கூடாது. கடைசி ஆள் வந்து இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அதற்கு அர்த்தம், நீ கிளம்பு, உனக்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்பது. கடைசி ஆள் யாரையும் முந்திப் போகக் கூடாது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தீர்கள். அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். நம் கையோ பழக்கத்தில் இடது பக்கம் இழுக்கும். ஒவ்வொரு முனையிலும் நான் உங்கள் தோளைத் தட்டி, "வலதுங்க, வலதுங்க" என்று சொல்ல வேண்டும். சாமி பெயரைக்கூட அவ்வளவு தடவை சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பாட்டியாதான் மஞ்சள் சட்டை. மலையிலிருந்து இறங்கி மதியத்துக்குள் ஏரிக்குப் போய்விட்டால் ஊர்வலத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஆப்பிள் மரங்கள் வரிசையாக இருந்த ஒரு இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஹெல்கா தரையைக் காட்டினாள். அடுத்த வண்டி நாம்தான். நிறுத்திவிட்டு வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். ஒவ்வொருவராக நம்மைக் கடந்து போனார்கள், கை ஆட்டினார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

முதலில் மழைத் தூறல், பிறகு நல்ல மழை. போன் வேலை செய்யவில்லை. ஆப்பிள் மரத்தடியில் நான் ஒதுங்கினேன், நீங்கள் மட்டும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள். டிராக்டரில் வந்த ஒருவர் நிறுத்தி, வழி தவறிவிட்டீர்களா என்று கையாலேயே கேட்டார். நாங்கள் வழி தெரியாமல் நிற்கவில்லை, வழி காட்ட நிற்கிறோம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? நீங்கள் பின்பக்கம் காட்டி, பிறகு வலது பக்கம் காட்டி, நெஞ்சைத் தொட்டு, தரையைத் தொட்டு ஒரு நாட்டியமே ஆடினீர்கள். அவர் வலது பக்கச் சாலையைச் சுட்டிக்காட்டி, அதுதான் ஏரிக்குப் போகிற வழி, போங்கள் என்று பொறுமையாக விளக்கிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஒரு இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. மழைக்குள் அதை முதலில் இடி என்று நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. ஊர்வலம் கிளம்பிவிட்டது.

"ஏனுங்க, போயிரலாமுங்க. அவரு வேற வழியில போயிருப்பாரு."

"வேற வழி ஏது அம்மிணி?"

"இதுக்காகத்தான இத்தன வருசம்? படத்த ஒட்டி வெச்சுட்டுப் பாத்துட்டுப் பாத்துட்டு இருந்தீங்க."

நீங்கள் வண்டியின் கண்ணாடியில் இருந்த தண்ணீரை விரலால் வழித்தீர்கள்.

"நாம போயிட்டா அவன் எந்தப் பக்கம் திரும்புவான்? கை பழக்கத்துல இடது பக்கம் போயிருவானில்ல. அது மலைக்கு அந்தப்பக்கம் வேற நாட்டுக்கில்ல எறங்குது."

"அப்ப ஊர்வலம்?"

"அது அடுத்த வருசமும் போகும் அம்மிணி. நாம சித்த நேரம் நிப்போம்."

அடுத்த வருஷம் நாம் வரப்போவதில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாழ்க்கையில் ஒன்றே ஒன்று கேட்ட மனுஷன், அது காதுக்கு எட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறது, இவர் இங்கே நனைந்துகொண்டு கையை நீட்டி நிற்கிறாரே என்று. அந்த இரைச்சல் ஏரியைச் சுற்றிப் போய், தேய்ந்து, நின்றேவிட்டது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பின்னால் வருகிற சாலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மழை விட்ட பிறகு பாட்டியா வந்தார். மேலே ஏதோ தொழுவத்துக்கு முன்னால் சாணியில் சறுக்கி விழுந்து, ஹாண்டில் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. முழங்கையில் ரத்தம். ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நம்மைப் பார்த்ததும் வண்டியைச் சரியாக நிறுத்தக்கூடத் தெரியாமல் இறங்கி உங்களைக் கட்டிக்கொண்டார்.

"முஜே பத்தா தா, தூ கடா ஹோகா."

நீ நிற்பாய் என்று எனக்குத் தெரியும் என்கிறார், ஒரு ஆறடி சர்தார் குரல் உடைந்து. எவ்வளவு நேரம் தனியாக அந்த மலையில் என்ன நினைத்துக்கொண்டு வந்தாரோ. நீங்கள் அவர் முதுகைத் தட்டி, "சல், சல், பஹுத் ஹோ கயா" என்று மட்டும் சொன்னீர்கள், சரி, போதும், கிளம்பு என்று. அவர் விதியை மறக்காமல் வண்டிக்குத் திரும்பி இரண்டு முறை ஹாரன் அடித்தார். நாம் முன்னால் கிளம்பினோம்.

ஏரிக்கரையில் காகிதக் குவளைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். கொடிகள் நனைந்து கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அழுதுவிடுவேன் என்று பயந்து வேறு பக்கம் பார்த்தேன். நீங்கள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கூட்டம் கலஞ்சதும் நல்லாத்தான் இருக்குது, எடம் தாராளமா இருக்குது" என்றீர்கள். பிறகு நாமும் பாட்டியாவும் இரண்டே வண்டியாக ஏரியைச் சுற்றி வந்தோம். ஒரு ஹோட்டல் வாசலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த பெண் மட்டும் நின்று கை தட்டினாள். நீங்கள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தது எனக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்தே இத்தனை காலம் ஓட்டியவளுக்கு, முதுகைப் பார்த்தால் தெரியாதா?

மறுநாள் காலை ஹெல்கா மஞ்சள் சட்டையை உங்களிடம் கொடுத்தாள். திரும்பிப் போகிற வழி முழுக்க நீங்கள்தான் கடைசி. நான் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அத்தனை நாளும் பின்னால் யாராவது வந்துகொண்டிருந்தார்கள், இப்போது வெறும் சாலை. மலையும் மேகமும் நம்மைப் பார்த்துக்கொண்டு பின்னால் போகும்.

"ஏனுங்க, நமக்குப் பின்னால யாருங்க இருக்கறது?"

"யாருமில்ல அம்மிணி. அதுக்குத்தான் நாம ரெண்டு பேரு."

அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. உங்கள் இடுப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசி நாள் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஹெல்கா வாங்க மறுத்துவிட்டாள்.

அப்புறம் நீங்கள் ரிட்டையர் ஆனீர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த முனிர்கா வீட்டுக்கு வந்தோம். மூன்றாவது மாடி, பால்கனியிலிருந்து பார்த்தால் அவுட்டர் ரிங் ரோட்டிலிருந்து நம் தெருவுக்குத் திரும்புகிற முனை நேராகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் இந்த வீட்டை எடுத்தோம். நீங்கள் புல்லட்டில் வந்து திரும்பும்போதே நான் குக்கரை ஏற்றிவிடுவேன். ஒரு மாசி மாதக் காலை, வெளியே போக ஷூ மாட்ட உட்கார்ந்தீர்கள். ஒரு ஷூ மாட்டியிருந்தது. நான் அடுப்படியிலிருந்து, டீ வேணுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பாட்டியா பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு வந்தார். கேட்டிலேயே வெகு நேரம் நின்றார், மேலே ஏறி வர முடியவில்லை. அடுத்த வருஷம் அவரும் மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார். புல்லட்டை நம் மகன் விற்றுவிட்டான். அம்மிணி என்று கூப்பிட இந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆன்ட்டிஜி, மாதாஜி. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பிறகு திரும்பிப் பார்ப்பேன்.

இன்று மதியம் ரஜாய்களைப் பால்கனியில் வெயிலில் போட்டேன். மேல்சட்டையையும் பக்கத்தில் மாட்டினேன், முதுகுப் பட்டை தெருவைப் பார்க்கிற மாதிரி. துவைக்க மனம் வரவில்லை, வாசனை போய்விடும். கீழேயிருந்து காவலுக்கு இருக்கிற சௌக்கிதார் அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"மாதாஜி, கோயீ ஆனேவாலா ஹை க்யா?"

யாராவது வருகிறார்களா என்று. முனையிலிருந்தே பளிச்சென்று தெரிகிறதாம். "நஹி பையா, தூப் திகா ரஹீ ஹூம்" என்றேன். வெயில் காட்டுகிறேன், அவ்வளவுதான். அவனும் டிராக்டர்காரர் மாதிரியே தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும் மாலையில் மகன் கூப்பிட்டான். குளிர் முற்றுவதற்குள் வந்துவிடு, இங்கே உனக்கென்று ஒரு அறை தயாராக இருக்கிறது, அங்கே தனியாக என்ன செய்கிறாய் என்றான். நல்ல பிள்ளை. மருமகளும் பின்னாலிருந்து இந்தியில் வரச் சொன்னாள். "டிக்கெட் போடட்டுமா?" என்று மறுபடி கேட்டான். "இன்னும் சித்த நாள் இரு கண்ணு, ரஜாய் எல்லாம் காயணும்" என்றேன். ரஜாய்க்கும் டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை. இந்த மாதிரிப் பதில்கள் அவனுக்குப் பழகிவிட்டன.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் சட்டை போட்டவர் யாரையும் முந்திப் போகக் கூடாது. முனையில் நிற்பவளை முதலில் அனுப்பிவிட்டு, பின்னால்தான் வர வேண்டும். ஊர்வலத்தையே விட்டுக்கொடுத்து அந்த விதியைக் காப்பாற்றிய மனுஷன், என் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிட்டீர்கள். ஒரு ஷூவோடு, சொல்லாமல்கொள்ளாமல் முந்திப் போய்விட்டீர்கள்.

அன்றைக்கு மழையில் உங்களுக்கு பாட்டியா வருவார் என்ற நம்பிக்கையாவது இருந்தது. எனக்கு வர ஆள் இல்லை என்று தெரியும். நான் ஒன்றும் புத்தி பிசகியவள் இல்லை. ஆனாலும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்கிறபோதெல்லாம், நாம போயிட்டா எந்தப் பக்கம் திரும்புவான் என்ற உங்கள் குரல்தான் முன்னால் வந்து நிற்கிறது. கிளம்பச் சொல்ல இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும், நீங்கள் அடிக்கவில்லை.

இருட்டத் தொடங்கிவிட்டது. ரஜாய்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். மேல்சட்டையை மட்டும் எடுக்கவில்லை. ரிங் ரோட்டிலிருந்து வண்டிகள் முனையில் திரும்பும்போது அவற்றின் விளக்கு பட்டு அந்தப் பட்டை ஒரு நிமிஷம் மின்னுகிறது, பிறகு அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து பார்க்கிறேன்.